சூடேறாத கார்ட்

சிவலட்சுமி கத்தரிக்காய் வாங்க வருகிறாள் என்றால் பரந்தன் சந்தியில் மரக்கறிக் கடை வைத்திருந்த பழனியாண்டிக்கு முகம் கறுத்துவிடும். கூடையில் கிடக்கிற காய்களை ஒவ்வொன்றாக எடுப்பாள். காம்பைப் பார்ப்பாள், வெளிச்சத்தில் திருப்புவாள், விரலால் அமுக்குவாள். கடைசியில் வாங்குவது கால் கிலோவாக இருக்கும். "பிள்ளை, இது கத்தரிக்காய். மாப்பிள்ளை இல்லை" என்று அவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார். "மாப்பிள்ளையை இப்பிடித் திருப்பிப் பாக்க ஒருத்தரும் விடேல்லை அண்ணை. கத்தரிக்காயையெண்டாலும் பாப்பம்" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷன் பாலன், யாரையோ தேடுகிற மாதிரி பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தான்.

அவள் எதையும் வெறுமனே விடத் தெரியாத பிறவி. முகம் துடைக்கிற கைலேஞ்சி தைத்தால் நாலு மூலையிலும் பூ இருக்கும். தண்ணீர்ப் போத்தலுக்கு உறை தைப்பாள், அந்த உறைக்கு ஒரு கரை வைப்பாள். தாய் தகப்பன் வேலணைப் பக்கத்து ஆட்கள். இரணைமடுத் தண்ணீர் பாய்கிற காணி கிடைக்கிறது என்று பரந்தனுக்கு வந்து, வயல் செய்து, மண்ணோடு மண்ணாகக் கிடந்தவர்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு இடப்பெயர்வில் துணுக்காயில் ஒரு புளியமரத்தின் கீழே கொட்டில் போட்டு இருந்தபோது, தாயை மலேரியா கொண்டுபோனது. தகப்பன் அதற்குப் பிறகு இருந்தும் இல்லாத ஆள். தங்கச்சி மேனுகாவுக்கு அப்போது பத்து வயசு. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்து விட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது, பள்ளிக்கூடச் சட்டைக்கு யாருமே கேட்காத பூவைத் தைத்துக் கொடுத்தது எல்லாம் சிவலட்சுமிதான்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று கண்டி வீதிப் பாதை திறந்தது. வன்னியில் அதுவரை மண்ணெண்ணெய் விளக்கில் ஒளிந்திருந்த கலியாணங்கள் எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தன. மாப்பிள்ளைமார் சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து இறங்கினார்கள். பாலன் ஒரு வீடியோ கமெரா வாங்கினான். பரந்தன் சந்தியில் ஒரு கடை அறை எடுத்து "மேனுகா வீடியோ" என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். படம் பிடிக்கிற பொறுமை பாலனுக்கு இருந்தது, வெட்டி ஒட்டுகிற பொறுமை மருந்துக்கும் இல்லை. சிவலட்சுமி கிளிநொச்சியில் ஒரு வகுப்புக்குப் போய்க் கொம்பியூட்டரில் படம் தொகுக்கப் பழகினாள். பழகி முடித்தபோது, பூத் தைக்க அவளுக்கு எல்லை இல்லாத ஒரு துணி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அந்த நாளில் கலியாண வீடியோ என்றால் சும்மா இல்லை. ரோசாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து கலியாணப் பொம்பிளை வரவேண்டும். தாலி கட்டுகிற நேரம் இரண்டு அன்னம் கழுத்தை வளைத்து இதயம் போட வேண்டும். மாப்பிள்ளை சுவிஸ் என்றால், பரந்தனில் வியர்த்துக்கொண்டு நின்ற தம்பதியைத் தூக்கிப் பனிமலை உச்சியில் நிறுத்த வேண்டும். இப்படி ஒன்றும் போடாமல் அனுப்பினால் அதற்குப் பெயர் பச்சைக் கசற். பச்சைக் கசற் அனுப்பிய குடும்பத்தை வெளிநாட்டில் சொந்தக்காரர் நக்கலடித்தே தீர்த்துவிடுவார்கள். படத்தின் சொந்தச் சத்தத்தை யாரும் கேட்பதில்லை. முழுக்க முழுக்கப் பாட்டுத்தான் போடுவது. அதனால் சிவலட்சுமி ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்வாள். நிறுத்தாவிட்டாலும் ஒன்றும் கேட்காது. கடைக்குப் பின்னால் ஜெனரேற்றர் பகல் முழுக்கக் கத்தும்.

பூவுக்கும் அன்னத்துக்கும் பனிமலைக்கும் கொம்பியூட்டருக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். வேலை கூடினால் அது கொதிக்கும். கொதிக்காமல் இருக்க அதன் முதுகில் சின்ன ஃபான் ஒன்று சுற்றும். கொழும்பில் குளிரூட்டிய அறையில் அது சுற்றும்தான். கண்டி வீதியின் கிரவல் தூசி ஒரு பஸ் போனால் அரை மணித்தியாலம் ஆகாயத்தில் நிற்கிற பரந்தனில் அந்தப் பூச்சி ஃபான் எத்தனை நாளைக்குச் சுற்றும்? தூசி போய் அச்சில் களியாகப் பிடித்துவிடும். மற்ற ஊர்களில் ஃபான் நிற்க முன்னர் கிரீச் கிரீச் என்று கத்திக் காட்டிக்கொடுக்குமாம். இங்கே ஜெனரேற்றர் இரைச்சலில் அது கத்தினதும் தெரியாது, நின்றதும் தெரியாது. திரையில் பொம்பிளையின் முகம் பச்சைக் கோடுகளாகக் கிழிகிறபோதுதான் தெரியும். அப்படி இரண்டு கார்ட் செத்துப்போயின. மூன்றாவதற்குத் தையல் மெசின் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். பெட்டியைக் கழற்றி மேசை ஃபானை நேரே பிடித்துப் பார்த்தாள், அது இருந்த தூசியையும் சேர்த்து உள்ளே அடித்தது. பிறகு தூசி போகாமல் பெட்டியைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினாள். புது அலுமாரிக்கும் சைக்கிள் சீற்றுக்கும் பொலித்தீன் சுற்றுகிற ஊர்தானே. உள்ளே கார்ட் இடியப்பம் மாதிரி அவிந்தது. அது சாக முன்னம் பொலித்தீனைக் கழற்றினாள்.

இந்த நிலையில்தான் மேனுகாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை சுஜிதன், சுவிஸில் ஒரு உணவகத்தில் வேலை. அமைதியான, கண்ணைத் தாழ்த்திக் கதைக்கிற பெடியன். இரண்டாயிரத்து ஆறு வைகாசியில் வந்தான். அப்போதே நிலைமை முறுகத் தொடங்கிவிட்டது. கிளைமோர்க் கண்ணிவெடி என்ற சொல் திரும்பவும் தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிட்டது. அவசர அவசரமாகத் தாலி கட்டி, ரெண்டு கிழமை இருந்து, மேனுகாவைக் கூப்பிடுவதற்கான வேலையைக் கொழும்பில் ஒரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். கலியாணம் உண்மையான கலியாணம் என்று காட்ட, பதிவுப் பத்திரத்தோடு அல்பமும் வீடியோவும் வேண்டும் என்று சட்டத்தரணி கலியாணத்துக்கு முன்னமே சொல்லியிருந்தார். மேனுகா வெளியே போவதற்கு, வன்னியை ஆண்ட இயக்கம் கொடுக்கிற பாஸ் பெரிய பாடுபட்டுக் கிடைத்தது. ஓகஸ்ட் முடியும் மட்டும்தான் செல்லும், ஒருமுறைதான் போகலாம். ஆகவே முன்னமே பேசி வைத்தபடி, வீடியோ முடிந்ததும் அவள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போவது என்று முடிவானது.

தங்கச்சியின் கலியாணம். சிவலட்சுமி அதில் பூவை அள்ளிக் கொட்டத் தீர்மானித்தாள். அன்னம், மலை, புரள்கிற ஏடு, வானத்திலிருந்து இறங்குகிற தேர் எல்லாம் வரவேண்டும். தேர் பாதி இறங்கி வருகையில் மூன்றாவது கார்ட்டின் ஃபான் நின்றது. அதற்குப் பிறகு பூவோ தேரோ போட்டால் உடனே கொதித்து எல்லாம் உறைந்துவிடும். வெறுமனே வெட்டி ஒட்டினால் ஒன்றும் செய்யாது, அதற்கு அந்தப் பழசே போதும்.

"அப்ப வெறுமனே வெட்டி ஒட்டிக் குடன்" என்றான் பாலன். "வெளிநாட்டுக் கந்தோரிலை இருக்கிறவன் அன்னத்தைப் பாத்தே விசா குடுக்கப்போறான்?"

"கந்தோருக்கு மட்டுமேப்பா? மாமியார் வீட்டுச் சனம் முழுக்கப் பாக்கும். தாயில்லாப் பிள்ளை எண்டு பச்சைக் கசற்றைக் குடுத்து விட்டிருக்கினம் எண்டு சொல்லுவினம்."

"நாடு போற போக்கு உனக்குத் தெரியேல்லையே?"

"நான் நாளைக்கு வவுனியாவுக்குப் போறன். நல்ல கார்ட் ஒண்டு வாங்கிக்கொண்டு ஓடி வாறன். நீங்கள் இருந்து கொம்பியூட்டரைத் துடையுங்கோ."

மேனுகா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. காலையில் அக்காவை பஸ் ஏற்ற வந்தபோது, "ஆறுதலாப் பாத்து வாங்கு அக்கா, ஒரு அவசரமும் இல்லை" என்று மட்டும் சொன்னாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிவலட்சுமி அவளின் தலையில் ஒரு குட்டுக் குட்டினாள்.

வவுனியாவில் கொம்பியூட்டர் உதிரிச் சாமான் விற்றவர் ஹலீம் நானா. முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது முஸ்லிம் சனத்தோடு சனமாக ஒரு பையோடு வெளிக்கிட்டு, புத்தளத்தில் கிடந்து, பாதை திறந்த பிறகு ஊருக்குக் கிட்டவாவது இருப்போம் என்று வவுனியா மட்டும் வந்து கடை போட்டவர். சிவலட்சுமி கத்தரிக்காயில் காட்டுகிற வித்தையை அவர் முன்பே கண்டவர் என்றபடியால், கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார்.

"இது கைவசம் இருக்கு தங்கச்சி. நல்ல சாமான்."

அவள் கார்ட்டை எடுத்து ஃபானை விரலால் தட்டினாள். சுற்றியது. ஊதினாள். சுற்றியது. காதோடு வைத்தாள். அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் ஆடுது நானா."

"ஆடத்தானே வேணும், இறுகினால் சுத்தாதே."

"இதுக்குள்ளை தூசி போனால்?"

"தூசி எதுக்குள்ளைதான் போகாது? அப்பப்ப பிறஷ்ஷாலை தட்டி விடுங்கோ."

அவளுக்குத் திருப்தி இல்லை. வேறு என்ன இருக்கிறது, வேறு என்ன இருக்கிறது என்று அரித்தெடுத்தாள். கடைசியில் அவர் கொழும்பு வியாபாரி அனுப்பிய படத்தாள் ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு கார்ட்டுக்கு ஃபானே இல்லை. முதுகிலும் வயிற்றிலும் சீப்புப் பல் மாதிரி உலோகத் தகடுகள், நடுவே வளைந்து போகிற செப்புக் குழாய். சூடு தானாகவே ஏறித் தகட்டால் வெளியேறிவிடுமாம். சிவலட்சுமியின் கண் விரிந்தது. இல்லாத ஃபான் எப்படி நிற்கும்? பரந்தன் தூசிக்கென்றே யாரோ இருந்து யோசித்துச் செய்த மாதிரி இருந்தது.

"இது எப்ப வரும்?"

"சொன்னால் நாளைக்கு ஏத்துவான். நாளைக்கோ, நாளையிண்டைக்கோ." ஹலீம் நானா படத்தாளை மடித்தார். "தங்கச்சி, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதைங்கோ. இருக்கிறதைக் கொண்டு இண்டைக்கே போங்கோ. பாதை திறந்து கிடக்குது எண்டு அதை நம்பி இருக்காதைங்கோ. நாங்களும் ஒருக்கால் அப்பிடி நம்பி இருந்தனாங்கள்."

சிவலட்சுமி அவரின் முகத்தைப் பார்த்தாள். கிடக்கிற சாமானைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தாள். யாவாரிகளை அவளுக்குத் தெரியாதா? முற்றல் கத்தரிக்காயைத் தள்ளிவிடப் பழனியாண்டி சொல்லாத கதையா? "நான் நிண்டு வாங்கிக்கொண்டே போறன் நானா" என்று சொல்லிவிட்டு, தூரத்துச் சொந்தமான நேசமலர் மாமி வீட்டில் போய் நின்றாள்.

மறுநாள் கார்ட் வரவில்லை. அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் கடை பூட்டுகிற நேரம் பார்த்து லொறி வந்தது. பள்ளிவாசலால் ஹலீம் நானா திரும்பி வருமட்டும் அவள் கடை வாசலில் நின்றாள். பிறகு அதை ஒரு கொம்பியூட்டரில் பூட்டி ஓட்டிக் காட்டச் சொன்னாள். ஒரு படத்தைச் சுற்றவிட்டு, தகட்டில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். இளஞ்சூடு, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றாள். அதே இளஞ்சூடு. அவளுக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை. "ஒருநாளும் கொதிக்காது" என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். அவள் கையை எடுத்தபோது ஓமந்தைச் சோதனைச் சாவடிக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டது. காலையில் போகலாம் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனாள்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணப் பக்கம் முகமாலையில் சண்டை தொடங்கியது. காலையில் அவள் பெட்டியோடு வீதிக்கு வந்தபோது பாதை பூட்டியிருந்தது.

திரும்பிப் போக விட்டபோது செப்டெம்பர் நடுப்பகுதி. அந்த நாட்கள் முழுக்க அவள் நேசமலர் மாமி வீட்டு வாசலுக்கும் வீதிக்குமாக நடந்ததை, கார்ட்டைப் பெட்டியால் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்ததை எல்லாம் சொல்லி என்ன பயன்? கொம்பியூட்டர்ச் சாமான் ஒன்றும் உள்ளே கொண்டுபோக ஆமி விடாது என்று சொன்னார்கள். பெட்டியைக் கொண்டுபோய் ஹலீம் நானாவிடமே கொடுத்தாள். "வைச்சிருங்கோ. பாதை திறந்தவுடனை வாறன்" என்றாள். அவர் "நான் சொன்னனான்தானே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மேனுகாவின் பாஸ் செத்துப் பதினைந்து நாளாகியிருந்தது. சண்டைக்கு இளம் ஆட்களைத் தேடுகிற காலம்; புதுப்பிக்கப் போன இயக்கக் கந்தோரில், "இந்த வயசுக்கு இப்ப குடுக்கிறேல்லை" என்றார்கள். பாலன் பிறகும் பிறகும் போனான். கெஞ்சினான், சத்தம் போட்டான், வெளியே போகச் சொல்லி அனுப்பினார்கள். இதற்கிடையில் சிவலட்சுமி பழைய கார்ட்டைக் கொண்டே வீடியோவைத் தொகுத்தாள். பூ இல்லை, அன்னம் இல்லை, தேர் இல்லை. பாட்டுக்கூடப் போடவில்லை, பாட்டுத் தேடுகிற மனம் யாருக்கு இருந்தது? வழக்கம்போல ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, ஜெனரேற்றர் கத்தக் கத்த, கண்ணால் மட்டும் பார்த்து வெட்டி ஒட்டினாள். மத்தியானச் சோற்றுக்கு முன்னம் வேலை முடிந்துவிட்டது. போன ஆடி மாதமே முடித்திருக்கக்கூடிய வேலை. அது முடிந்த பிறகு அவள் கொம்பியூட்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்த இருப்பைப் பார்த்து, பாலன் போய் ஜெனரேற்றரை நிறுத்தினான்.

அந்த டிவிடியை, கண் ஒப்பரேஷனுக்கு வவுனியா போன ஒரு வயோதிப மனிசி சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோனார். அது கொழும்புக்கும் போனது, சுவிஸுக்கும் போனது. அடுத்த வருஷம் விசா வந்தது. வந்த செய்தி தொலைபேசி நிலையத்தில் கிடைத்தபோது மேனுகா சிரித்தாள். "விசாவுக்கு வர ஏலுது, எனக்குப் போக ஏலாது" என்றாள். அந்தக் கந்தோரில் வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று சிவலட்சுமி தொலைபேசியில் சுஜிதனைக் கேட்டாள். கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார்களாம், தாலி கட்டுகிற இடத்தோடு நிறுத்திவிட்டார்களாம். அவள் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு நடந்தது வன்னிச் சனம் எல்லாருக்கும் நடந்தது. ஆமி முன்னேற முன்னேற, பரந்தனிலிருந்து தருமபுரம், தருமபுரத்திலிருந்து விசுவமடு, அங்கிருந்து சுதந்திரபுரம், அங்கிருந்து மாத்தளன். கொம்பியூட்டரை முதல் இடப்பெயர்விலேயே ஒரு வீட்டுத் தாவாரத்தில் விட்டார்கள். கலியாணக் கசற்றுகளை மேனுகா ஒரு பையில் போட்டுக் கொண்டுதிரிந்தாள். சுதந்திரபுரத்தில் அந்தப் பையும் போனது. மாத்தளன் மணலில் பதுங்கப் பங்கர் வெட்டினால் சரிந்து விழும், சுற்றி மண்மூட்டை அடுக்க வேண்டும். மூட்டைக்குத் துணி இல்லாமல் சனம் சேலைகளைக் கிழித்துத் தைத்தது. சிவலட்சுமி தன்னுடைய சேலைகளை எல்லாம் தைத்து முடித்த பிறகு, மேனுகா தன் கூறைச் சேலையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதையும் தை அக்கா. பட்டு, கெட்டியா இருக்கும்."

சிவலட்சுமி தைத்தாள். கரை வைக்கவில்லை, பூப் போடவில்லை. நாலு மூலையையும் நேரே அடித்து மணலை நிரப்பிக் கட்டினாள். இரண்டாயிரத்து ஒன்பது பங்குனியில் ஒரு காலை, கஞ்சி வாங்கப் போன வரிசையில் ஷெல் விழுந்தது. மேனுகா அந்த வரிசையில் நின்றாள். அவளைப் பங்கருக்குப் பக்கத்து மணலிலேயே புதைத்தார்கள். மூட்டைக்குத் தைத்தபோது மிஞ்சியிருந்த கூறைத் துண்டு ஒன்றால் முகத்தை மூடினாள் அக்கா. அழுகிறதற்குக்கூட அங்கே நேரம் தரவில்லை.

சண்டை முடிந்து, முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்து, அந்த வருஷக் கடைசியில் வெளியே விட்டபோது சிவலட்சுமியும் பாலனும் நேசமலர் மாமி வீட்டுக்குத்தான் வந்தார்கள். பாலனுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. சிவலட்சுமி மரக்கறி வாங்கப் போனால், கடைக்காரன் அள்ளிப் போடுகிறதை வாங்கிக்கொண்டு வந்தாள். மேனுகாவின் ஒரு படம்கூட அவளிடம் இல்லை. முகம் மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருந்தது. இரவில் நினைத்துப் பார்த்தால் மூக்கு வரும், கண் வராது. கடைசியில் சுஜிதனுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த டிவிடியைப் பிரதி எடுத்து அனுப்பச் சொன்னாள்.

"அனுப்பிறன் அக்கா. பாக்கேக்கை சத்தத்தோடை பாருங்கோ" என்றான். அதோடு வைத்துவிட்டான்.

டிவிடி வந்தது. மாமி வீட்டில் அதைப் போட ஒன்றும் இல்லை. சிவலட்சுமி அதை எடுத்துக்கொண்டு ஹலீம் நானாவின் கடைக்குப் போனாள். அவர் அவளை அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிடித்ததும் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, அடித்தட்டில் இருந்த பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். தூசி படாமல் பொலித்தீன் சுற்றியிருந்தது.

"இப்ப வாற கொம்பியூட்டருக்கு இது பொருந்தாது தங்கச்சி. காலம் போயிட்டுது. எண்டாலும் பழைய மதர்போட் ஒண்டு கிடக்கு. பூட்டித் தாறன், பாருங்கோ."

பின்னறையில் ஒரு மேசையில் வைத்துப் பூட்டினார். டிவிடியைப் போட்டார். ஸ்பீக்கரைத் திறந்து வைக்கச் சொன்னாள். அந்த அறையில் ஜெனரேற்றர் இல்லை, தெருச் சத்தம்கூட உள்ளே வரவில்லை. அவள் தன் கையால் வெட்டி ஒட்டிய படத்தை முதன்முதலாகக் காதால் கேட்டாள். நாதஸ்வரம், மேளம், யாரோ சின்னப்பிள்ளை அழுகிற சத்தம், பாலன் கமெராவுக்குப் பின்னாலிருந்து "தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்பது.

பொம்பிளையை அலங்கரித்து வெளிக்கிடுத்துகிற இடம் வந்தது. மேனுகா கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறாள். ஒருத்தி பின்னால் நின்று தலையில் பூ வைக்கிறாள். இந்தத் துண்டைச் சிவலட்சுமி அழகுக்காகத்தான் சேர்த்தாள், மேனுகா கண்ணாடியில் திரும்பி யாரிடமோ வாயசைத்துச் சிரிப்பாள். என்ன சொல்கிறாள் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது கேட்டது.

"அக்காட்டைச் சொல்லிப்போடாதைங்கோடி. வீடியோ எவ்வளவு சுணங்குதோ எனக்கு அவ்வளவு நல்லது. முடிச்சவுடனை என்னை அனுப்பிப் போடுவா. அவாவை விட்டிட்டு நான் எப்பிடி இருக்கிறது?"

பூ வைத்தவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மேனுகாவும் சிரித்துக்கொண்டு கண்ணின் ஓரத்தைத் துடைத்தாள். பிறகு படம் மணவறைக்குப் போய்விட்டது.

சுஜிதன் இதை எத்தனை தரம் கேட்டிருப்பான் என்று சிவலட்சுமி நினைத்தாள். பஸ் ஏறிய காலையில் தங்கச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்குத் தான் குட்டிய குட்டும் வந்தது. கையை நீட்டிக் கார்ட்டின் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நானா."

வாசலில் நின்ற ஹலீம் நானா திரும்பிப் பார்த்தார்.

"இதைத் திருப்பித் திருப்பிப் போட்டால் சூடாகுமோ?"

"சூடாகாது தங்கச்சி. எவ்வளவு நேரமெண்டாலும் ஓடும்" என்றார் அவர். அவளைப் பார்க்க முடியாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அவள் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, பூ வைக்கிற இடத்திலிருந்து திரும்பவும் போட்டாள்.